1953 என்னும் வருங்காலம்

பமீலா சார்ஜென்ட் தொகுத்த 'விமன் ஆஃப் வொண்டர்' அமெரிக்காவில் 1975இல் வெளிவந்தது. முழுக்கப் பெண்கள் எழுதிய அறிவியல் புனைகதைகள். இவற்றில் பல, எழுதப்பட்ட காலத்துக்கு வெகுதூரம் தள்ளி நடப்பவை. ஆனால் தொகுப்பின் மிகப் பழைய கதையொன்று வெறும் ஐந்து ஆண்டுகள் மட்டுமே முன்னே தாவுகிறது. நான் அதிக நேரம் தங்கியது அந்தக் கதையில்தான்.

ஜூடித் மெரில் எழுதிய 'தட் ஒன்லி எ மதர்', 1948 ஜூனில் 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்தது. கதை நடப்பது 1953இல். அணுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. மார்கரெட் கருவுற்றிருக்கிறாள். கணவன் ராணுவத்தில் தொலைவில் இருக்கிறான். கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை பார்த்தவன். உருக்குலைந்து பிறக்கும் குழந்தைகளைத் தகப்பன்மார் கொன்றுவிடுவதும், ஜூரிகள் அவர்களைத் தண்டிக்காமல் விடுவதும் செய்தித்தாளில் வருகின்றன. பெண் குழந்தை பிறக்கிறது. ஒரு வயது நிறையுமுன்னே பேசுகிறது, பாடுகிறது. தாயின் கடிதங்களெல்லாம் ஒரே பூரிப்பு. கணவன் வீடு திரும்பிக் குழந்தையைத் தூக்கும்போதுதான் அதற்குக் கைகால்கள் இல்லை என்பது நமக்குத் தெரிகிறது.

கதை முழுக்க நாம் மார்கரெட்டின் கண்களால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடைசியில் மெரில் நம்மைத் தகப்பனின் பக்கம் மாற்றி உட்கார வைத்துவிடுகிறார். உடனே தாய் பைத்தியமாகவும் அவன் தெளிந்தவனாகவும் தோன்றத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தையை ஆபத்தில்லாமல் வைத்திருந்தது யாருடைய பார்வை? மார்கரெட் பார்க்கத் தவறினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜூரிகள் விடுதலை செய்யும் ஊரில் ஒரு தாய் எதைப் பார்க்க மறுப்பாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

'மெரில்' என்பது அவருடைய மூத்த மகளின் பெயர். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் வேண்டாமென்று மகளின் பெயரைச் சூடிக்கொண்டு எழுதிய பெண் அவர்.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து சந்தைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால்கள் குறைந்தோ இல்லாமலோ பிறந்தன. 1962 நவம்பரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், அப்படிப் பிறந்த தன் பெண் குழந்தையைக் கொன்ற தாயை ஜூரி விடுதலை செய்தது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி தராமல் நிறுத்திவைத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியும் போதிய சான்று வேண்டும் என்று அவர் அசையவில்லை.

கைகால் இல்லாத குழந்தை, விடுதலை செய்யும் ஜூரி. மெரில் முன்பே சொல்லிவிட்டார் என்று வியப்பது எளிது. நான் அப்படி வாசிக்கவில்லை. அவர் அஞ்சியது அணுகுண்டுக்கு. வந்ததோ மருத்துவர் அன்போடு எழுதிக்கொடுத்த மாத்திரை. காரணத்தைப் பொறுத்தவரை கணிப்பு தவறு. கருவுற்ற பெண்ணின் உடலில் என்ன போகிறது என்பதை அவளைக் கேட்காமலே முடிவு செய்யும் ஏற்பாடு 1948இலேயே இருந்தது. அதை உள்ளேயிருந்து அறிந்தவர் அவர். ஆரூடம் தேவைப்படவில்லை.

அக்காலத்து ஆண்களின் கதைகளில் ராக்கெட் விண்மீன் வரை போகும். மனைவி மட்டும் சமையலறையில் நிற்பாள். ஜோவன்னா ரஸ் இதை 'விண்மீன் மண்டலத்துப் புறநகர்' என்று கேலி செய்தார். அவருடைய கதையும் தொகுப்பில் உண்டு. கேட் வில்ஹெல்மின் 1967ஆம் ஆண்டுக் கதையில் ஒரு நடிகையின் மூளையில் மின்முனைகள் பதித்து அவளுடைய பயத்தையும் காதலையும் ஒளிபரப்புகிறார்கள். பயம் போதவில்லையென்றால் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். இன்று படிக்கையில் வயிற்றைப் பிசைகிறது. ஆன் மெக்காஃப்ரியின் பாடும் கப்பலை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

தொகுப்பில் நான் தேடிக் காணாத பெயர் ரொக்கையா சகாவத் ஹுசைன். அவருடைய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையில்தான் அச்சேறியது, கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்து கிடக்க, பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைத்து நாடாளுகிறார்கள். ஆய்வுக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு தையலுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று சுல்தானா கேட்க, சகோதரி சாரா கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: ஒரு சுருட்டுக்கு அரை மணி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது, பெண்களின் அலுவலோ இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.