கவுத்திமலையும் அண்ணாமலையும்: ‘சீரழிந்த காடு’ என்னும் வாதம் குறித்து

திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்தி–வேடியப்பன் மலைகளின் இரும்புத்தாது பற்றிய விவாதத்தில் ஒரு வாதம் ஓயாமல் வருகிறது: அங்கே வெட்டப்படவிருந்தது அடர்காடு அன்று, ஏற்கெனவே சீரழிந்த முட்புதர்க் காப்புக்காடு, எனவே அறக்கேடும் சிறிதே. சுமார் 325 ஹெக்டேர் காட்டைச் சுரங்கத்துக்குக் கேட்ட ஜிண்டால் குழுமத்தின் திட்டம் நிறைவேறவில்லை. வாதம் மட்டும் நிலைத்துவிட்டது.

இத்தரப்பினர் அருகிலுள்ள அண்ணாமலையின் பழைய ஒளிப்படங்களைத் துணைக்கு அழைப்பதுண்டு. ரமணர் விரூபாட்ச குகையிலும் (1899–1916) ஸ்கந்தாசிரமத்திலும் (1922 வரை) இருந்த காலத்துப் படங்களில் மலை ஏறத்தாழ மொட்டையாகவே தெரிகிறது. பாறை, புல், இடுக்குகளில் சில புதர்கள். இவ்வட்டாரக் குன்றுகளின் இயல்பே இதுதான் என்று அவற்றை வாசிக்கிறார்கள்.

இவ்வாசிப்பு பொருந்தவில்லை. படம் காட்டுவது ஒரு காலத்தின் நிலையை. நிலத்தின் திறனை அன்று. விறகு, கூரைப்புல், ஆடுமாடு மேய்ச்சல் என எல்லாவற்றுக்கும் அடிவாரத்து ஊர் அந்த மலையைத்தான் நம்பியிருந்தது. கோடையில் காய்ந்த புல் தீப்பற்றும். தலையெடுத்த துளிர் கருகும். 1980களின் இறுதி தொட்டுத் தன்னார்வலர்கள் கன்று நட்டார்கள், தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினார்கள். இன்று ஸ்கந்தாசிரமப் பாதையில் ஏறுபவர் பெரும்பகுதி நிழலில் ஏறுகிறார். அங்கு வளரும் உசிலும் வெப்பாலையும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே தழைக்கும் மர இனங்கள். மீட்சியில் நடவின் பங்கு எவ்வளவு, தானாகத் தழைத்ததன் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க இயலாதுதான். என் வாதத்துக்கு அது தேவையுமில்லை.

அண்ணாமலை புனித மலை, கவுத்தி அப்படியன்று என்பார்கள். மொட்டையாக நின்ற காலத்திலும் அண்ணாமலை புனிதமாகத்தான் இருந்தது. மரத்தைக் காத்தது புனிதமன்று, காவல். தவிர, வேடியப்பனைக் கும்பிடும் ஊர்களிடம் இந்த ஒப்பீடு பற்றி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாட்டுக்கு இரும்பு வேண்டாமா என்ற கேள்வி, எந்த மலையை உடைப்பது என்பதற்கு விடையாகாது.

சட்ட நடைமுறையிலேயே முரண் இருக்கிறது. காட்டுநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவோரிடம் வசூலிக்க 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நிகர நிகழ்கால மதிப்பு, காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப ஹெக்டேருக்கு 10.43 லட்சத்திலிருந்து 4.38 லட்சம் ரூபாய் வரை இறங்கியது. ஒவ்வொரு வகையிலும் அடர்த்தி குறையக் குறைய விலையும் குறைகிறது. அதே நடைமுறை, ஈடுசெய் காடு வளர்க்க வேற்று நிலம் கிடைக்காதபோது, சீரழிந்த காட்டை இருமடங்குப் பரப்பில் ஏற்கிறது. அழிக்கும்போது மதிப்புக் குறைந்தது என்று எழுதப்படும் நிலம், ஈடுகட்டும்போது காடாக வல்லது ஆகிவிடுகிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. நேற்று அரித்தெடுத்தவர்களின் வேலையே இன்று வெட்டுபவர்களுக்குத் தள்ளுபடியாக மாறுகிறது.

விறகுக்கு வெட்டிய மலையில் வேர் எஞ்சும். சுரங்கம் மண்ணையும் வேரையும் சேர்த்தே அள்ளுகிறது. அதன்பின் தழைக்க எதுவும் இராது. ஆகவே காப்புக்காட்டை முற்றாக அழிக்கும் கோரிக்கைகளில் இன்றைய அடர்த்தியை அளவுகோலாகக் கொள்வதைக் கைவிட வேண்டும். மீளும் திறனையே அளக்க வேண்டும்.