ரோய்ஸ் அரச குடும்பம்

ரோய்ஸ் குடும்பம், ஜெர்மனியில் இன்றைய துரிங்கியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியை 1918 வரை ஆண்ட சிற்றரசர் குடி. கிரைட்ஸ், கெரா, ஷ்லைஸ் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். முன்னோர், வைடா, கெரா, பிளாவன் ஆகிய இடங்களில் பேரரசரின் சார்பில் நிர்வாகம் பார்த்த ஃபோக்ட் எனும் அதிகாரிகள். அப்பகுதி இன்றும் ஃபோக்ட்லாண்ட் என்றே வழங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் பிளாவன் கிளையைச் சேர்ந்த ஒருவருக்கு ருத்தேனிய நாட்டுத் தொடர்பால் ஏற்பட்ட பட்டப்பெயரே குடும்பப் பெயரானது.

இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு அதன் பெயரிடும் முறை. பேரரசர் 6ஆம் ஹைன்ரிச்சுக்கு நன்றிக்கடனாக, ஆண் பிள்ளைகள் அனைவருக்கும் ஹைன்ரிச் என்ற ஒரே பெயர் வைக்கப்பட்டது. அடையாளம் காண எண் சேர்த்தார்கள். பிற அரச குடும்பங்களில் எண் ஆண்டவருக்கு மட்டுமே. இங்கே பிறந்த ஒவ்வோர் ஆணுக்கும் உண்டு. பச்சிளம் பருவத்தில் இறந்த குழந்தையும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டே போனது. குடும்பம் பின்னர் கிளைகளாகப் பிரிந்தபோது, மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றில் தொடங்குவதென்று வைத்திருந்தது. ஆனால் 24ஐத் தாண்டவில்லை. இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டிலும் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணியது. 18ஆம் நூற்றாண்டு வரிசை 75இல் முடிந்தது, அடுத்தது 47இல். எண்கள் உட்கிளைகள் அனைத்துக்கும் பொதுவானதால், அண்ணன் தம்பிக்கு அடுத்தடுத்த எண் அமைவது அரிது. 1854இல் 62ஆம் ஹைன்ரிச்சுக்குப் பின் அவர் தம்பி 67ஆம் ஹைன்ரிச் அரசரானார். 1867இல் அவருக்குப் பின் மகன் 14ஆம் ஹைன்ரிச். வரலாறு எழுதுவோருக்கு இது பெருந்தொல்லை.

1564இல் குடும்பம் மூத்தது, நடு, இளையது என மூன்றாகப் பிரிந்தது. நடுக் கிளை 1616இல் அற்றுப்போனது. கிரைட்ஸை ஆண்ட மூத்த கிளை 1778இலும், இளைய கிளை 1806இலும் இளவரசர் தகுதி பெற்றன. மூத்த கிளையின் நாடு சுமார் 317 சதுர கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் அது 1866 போரில் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவை எதிர்த்தது. பிரஷ்யப் படை நாட்டைப் பிடித்தபின்பும் அதன் அரசர் 22ஆம் ஹைன்ரிச்சின் பிரஷ்ய வெறுப்பு தணியவில்லை. அவருடைய மகள் ஹெர்மினே 1922இல் மணந்ததோ, பதவியிழந்து ஹாலந்தில் வாழ்ந்த பிரஷ்ய அரசரும் ஜெர்மன் பேரரசருமான 2ஆம் வில்ஹெல்மை.

இளைய கிளையின் லோபென்ஸ்டைன்-எபெர்ஸ்டோர்ஃப் பகுதியை ஆண்ட 72ஆம் ஹைன்ரிச் 1848 புரட்சியில் முடி துறந்தார். குடும்பத்தின் செல்வாக்கைப் பரப்பியவர்கள் எண் பெறாத பெண்களே. எபெர்ஸ்டோர்ஃபில் பிறந்த அகுஸ்டா, பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவுக்குத் தாய்வழிப் பாட்டி. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கோ தந்தைவழிப் பாட்டி. பெல்ஜியத்தின் முதல் மன்னர் லியோபோல்டும் அகுஸ்டாவின் மகன். அதே ஊரின் எர்ட்முத்தே டொரோத்தேயா 1722இல் மணந்த சின்செண்டோர்ஃப் பிரபு, மொராவியச் சபையைப் புதுப்பித்தவர். அச்சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கு அருகிலும் வந்து குடியேறினர். கோஸ்ட்ரிட்ஸ் உட்கிளையின் எலியனோரே 1908இல் பல்கேரிய அரசியானார்.

1918 நவம்பரில் இரு நாடுகளிலும் முடியாட்சி ஒழிந்தது. மூத்த கிளை 1927இல் 24ஆம் ஹைன்ரிச்சின் மரணத்தோடு அற்றது. இளைய கிளையின் கடைசி வாரிசும் கெரா நாடக அரங்கின் புரவலருமான 45ஆம் ஹைன்ரிச், 1945இல் சோவியத் படையினரால் கைதானபின் திரும்பவில்லை. தலைமை கோஸ்ட்ரிட்ஸ் உட்கிளைக்குச் சென்றது. இன்றுள்ளோர் அதன் வழியினர். அவர்களுள் 13ஆம் ஹைன்ரிச், ஜெர்மன் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 2022 டிசம்பரில் கைதானார். வழக்கு விசாரணை 2024 மே மாதம் பிராங்பர்ட்டில் தொடங்கியது.