முதுமையில் நினைவுப் பயிற்சி

வயது ஏறும்போது தளரும் நினைவாற்றலைத் திட்டமிட்ட பழக்கத்தால் காக்க முயல்வது நினைவுப் பயிற்சி. முதுமை எல்லா நினைவையும் ஒரே அளவில் தொடுவதில்லை. சொல்வளமும் இளமையில் ஊறிய பாடமும் நெடுநாள் நிற்கும். புதிய பெயரைப் பதிப்பதும் நேற்று நடந்ததை மீட்பதும் முதலில் தடுமாறும்.

திருவரங்கத்தில் இப்பயிற்சிக்கு நெடிய மரபு உண்டு. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைச் ‘சந்தை’ முறையில் கற்பார்கள்: ஆசிரியர் ஓரடியை ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். ஏட்டைவிடச் செவியே இங்கு முதன்மை. அதிலுள்ள நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாக அமைந்தவை; ஒன்று முடியும் சொல்லே அடுத்ததைத் தொடங்கித் தரும். நினைவை மீட்க உதவும் குறிப்பு பாட்டுக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. அத்தியயன உற்சவத்தின் பத்து இரவுகளான இராப்பத்தில், பாசுரம் பாடும் அரையர்கள் நாளுக்கு ஒரு பத்தாக இதைச் சேவிக்கிறார்கள். பலர் கூடிச் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவருக்கு அடி தவறினால் பக்கத்துக் குரல் எடுத்துக்கொடுக்கும். தனியாக அமர்ந்து செய்யும் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத துணை இது.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரிடம் நினைவு, தருக்கம், வேகம் ஆகிய பயிற்சிகளைச் சோதித்த ‘ஆக்டிவ்’ ஆய்வின் முதல் முடிவுகள் 2002இல் வந்தன. எந்தத் திறனைப் பயிற்றினார்களோ அந்தத் திறனே வளர்ந்தது. மற்றவற்றுக்கு அது பரவவில்லை. பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது தருக்கப் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் நீடித்தன. நினைவுப் பயிற்சியின் பலன் தேய்ந்திருந்தது. பயிற்சியை நிறுத்தாமல் தொடர வேண்டும் என்பதையே இதிலிருந்து கொள்ளலாம். மனப்பாடமானதைத் தினமும் சேவிப்பது இருப்பதைக் காக்கும். அறுபதுக்குமேல், அறியாத ஒரு திருமொழிக்குச் சந்தை சொல்ல உட்காருவதே மூளைக்கு உண்மையான வேலை.

செவித்திறன் குறைவு மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வகைப்படுத்தியுள்ளது. ஆகவே காது மந்தமான முதியவருக்குக் கேட்புக்கருவி பொருத்துவது பயிற்சிக்கு முந்திய தேவை.

பாசுரம் பிழையின்றி வருவதாலேயே நினைவு நலமாக இருப்பதாகக் கொள்ள முடியாது. பழைய பாடம் தங்கியிருக்கும்போதே வீட்டு வழியும் மருந்து வேளையும் மறக்கலாம். அப்படி மறப்பவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீராகக்கூடியது.