இரண்டு ஈயங்களும் ஒரு தோட்டாவும்

பீடோர், தாப்பா, கம்பார் வட்டாரத்தில் ‘ஈயம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது வெள்ளீயமே. சுரங்கம் தோண்டி விட்டுச்சென்ற பள்ளங்களை ஈயக்குட்டை என்கிறோம். ஆனால் ‘ஈயக்குண்டு’ என்னும்போது அதே சொல் காரீயத்தைச் சுட்டுகிறது. பழந்தமிழர் இவ்விரண்டையும் நிறத்தால் பிரித்தனர். மலாய்மொழியிலும் தீமா பூத்தே, தீமா ஈத்தாம் என்று வெண்மையும் கருமையுமே வேறுபாடு காட்டுகின்றன. இலத்தீன் வழக்கும் அவ்வாறே. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மொழிகள் இவ்வாறு ஒத்துச் சிந்தித்திருப்பது, வேதியியல் தோன்றுமுன்பே கொல்லர் கண்ணுக்கு இவ்வுறவு புலப்பட்டதைக் காட்டுகிறது.

இவ்விரு உலோகங்களும் ஒன்றாய் உருகிய இடங்களுள் ஒன்று துப்பாக்கிக் குண்டு. 1873ஆம் ஆண்டு அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் நெம்புகோலால் இயங்கும் துப்பாக்கியொன்றை வெளியிட்டது. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தாழ்த்தி உயர்த்தினால், வெற்றுறை வெளியேறி அடுத்த தோட்டா ஏறும். அதன் குண்டு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் பருமனும் 13 கிராம் எடையும் உடையது. தோட்டாக்கள் குழலுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், ஒன்றின் மூக்கு முன்னுள்ளதன் வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்காயின் அதிர்ச்சியில் வெடிக்கலாம் என்பதனாலேயே குண்டின் மூக்கைத் தட்டையாக வார்த்தனர்.

தொலைவில் வாழ்ந்தோர்க்குத் தோட்டா அரிது. ஆகவே பித்தளை உறையைப் பேணி வைத்து மீண்டும் நிரப்பினர்; அதற்குரிய அச்சையும் கருவிகளையும் அந்நிறுவனமே விற்றது. காரீயம் மட்டுமாயின் குண்டு மிக மென்மையாகிக் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். வெள்ளீயம் சேர்த்தால் உருகிய கலவை அச்சின் நுண்வரைகளிலும் பாய்ந்து நிறையும். ஆறியபின் சற்றே உறுதிப்படும். இருபது பங்குக்கு ஒரு பங்கு என்பது அக்காலத்தில் பரவிய கணக்கு. அக்கணக்கின்படி ஒரு குண்டில் வெள்ளீயம் அரைக் கிராமுக்குச் சற்று மேல்தான். குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் பூசுவர். (தோட்டாவில் பூசிய கொழுப்பு 1857இல் இந்தியாவில் எழுப்பிய கலகத்தை வரலாற்று மாணவர் அறிவர்.)

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயா தந்தது. அதில் கிந்தா பள்ளத்தாக்கின் பங்கு பெரிது. உணவுத் தகரத்துக்கும் பற்றாசுக்குமே அதில் பெரும்பகுதி சென்றது. குண்டுக்குச் சென்றது துளியளவே. சுரங்கங்களில் சீனர் மிகுதி. அவ்வுலோகத்தைத் துறைக்கு ஏற்றிச்சென்ற இருப்புப்பாதைகளை இட்டவருள் தமிழர் மிகப் பலர். ஈப்போவையும் தெலுக் ஆன்சனையும் இணைத்த பாதை 1895இல் நிறைவுற்றது.

தோட்டா என்னும் சொல் உருது வழியாகத் தமிழில் புகுந்தது. ‘ரவை’ என்பதோ, சமையலறையிலிருந்து போர்க்களம் வரை சென்ற சொல். இலங்கைத் தமிழர் இன்றும் அதனையே ஆள்கின்றனர்.

மலாயாத் தமிழருக்கோ இச்சொல் நீதிமன்றச் சொல்லாயிற்று. 1948 சூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்த ஐரோப்பியர் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றிப் படைக்கலமோ தோட்டாவோ வைத்திருந்தால் மரணம் என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த தஞ்சை மாவட்டத்து எசு.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார். நேருவின் அரசு உயிர்ப்பிச்சை கோரியது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் எவரையேனும் சுட்டார் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டன்று, வைத்திருந்தமையே குற்றம். விதிகளை நியாயப்படுத்துவோர் இவ்வேறுபாட்டை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடத்தல் தகாது.

அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. அவ்வாண்டே படைக்கலச் சட்டம் வந்தது. 1971இல் தண்டனைகள் மேலும் கடுமையாயின. அமெரிக்காவில் பழந்துப்பாக்கி விரும்பிகள் வீட்டுக் கொட்டகையில் இன்றும் செய்யும் குண்டு வார்ப்பு, ஈயம் விளைந்த பேராக்கில் உரிமமின்றிச் செய்யக்கூடாத தொழில்.