புள்ளடி போடப் பழகிய ஊர்

எங்கள் அப்பாச்சி காலத்தில் வாக்குச்சீட்டில் கீறுவதற்கு ஒன்றுமில்லை. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு இருபத்தொரு வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கைக் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் தெரிவுசெய்வார் என்ற கேள்விக்கு அதிகாரிகள் கண்ட வழி வர்ணப் பெட்டி. வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. விரும்பின பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததில் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி மட்டும் ஆளை அனுப்பியது. வன்னி யாழ்ப்பாணத்தின் வாலல்ல என்று இங்கே சிலர் இன்றும் சொல்வதற்கு இதையும் சாட்சிக்கு இழுப்பார்கள்.

1947இல் பெட்டியின் நிறம் போய், சீட்டில் சின்னம் வந்தது, கூடவே புள்ளடியும். இந்தியா 1951–52இல் தன் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோதுகூட வேட்பாளருக்கொரு பெட்டி வைத்து, அதிலே சின்னத்தை ஒட்டித்தான் சமாளித்தது. நாங்கள் அவர்களுக்கு முந்தியே பென்சில் பிடித்துவிட்டோம். எங்கள் ஊரான தண்ணீரூற்று அப்போது வவுனியாத் தொகுதிக்குள். 'அடங்காத் தமிழர்' சுந்தரலிங்கம் என்ற கணிதப் பேராசிரியரை எங்கள் ஆட்கள் பாராளுமன்றம் அனுப்பினார்கள். இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டவேண்டும், வெட்டும் இடம் கூட்டுக்குள் விழவேண்டும் என்பதைப் பிள்ளைகளின் சிலேட்டில் கீறிப் பெரியவர்கள் பழகினார்களாம். அப்பா சொன்னது.

நான் வாத்தியார். இலங்கையில் தேர்தல் கடமை என்றால் அது பெரும்பாலும் எங்கள் தலையிலும் அரசாங்க எழுதுவினைஞர் தலையிலும்தான். எனக்கு அது தொடங்கியது 1977இல். முல்லைத்தீவுக்குத் தனித் தொகுதி கிடைத்த முதல் தேர்தல். மாவட்டமாக அது பிரிந்தது அடுத்த ஆண்டு. பெட்டி, சீட்டுக் கட்டுகள், இடாப்பு, அரக்கு, நூல், மைப்போத்தல் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வைத்து வாங்கினால், அன்றிரவு பள்ளிக்கூடத்து வாங்கில்தான் படுக்கை. காலையில் பெட்டியைத் திறந்து கவிழ்த்து முகவர்களுக்கு வெறும்பெட்டி என்று காட்டிய பிறகே பூட்டி அரக்கு வைப்போம். அந்தத் தேர்தலில் ஒருவருக்கும் ஒன்றும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. உதயசூரியன் சின்னத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் தேடிப்பிடிப்பார்கள். அதில் நின்ற செல்லத்தம்பு வென்றார்.

1982 டிசம்பர் 22 வேறு கதை. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலில்லாமல் நீட்டலாமா என்று ஜே. ஆர். ஜயவர்த்தனா நடத்திய சர்வசன வாக்கெடுப்பு அது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். இதைத் தீர்மானித்தவர் வற்றாப்பளை அம்மன் கோயில் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீர் அள்ளி வந்து, அதில் விளக்கெரிப்பதைப் பார்த்து வளர்ந்த சனம் இது. "விளக்குக்கு எதிராய்க் கீறுறதோ?" என்று ஒரு கிழவி என்னிடம் கேட்டா. கடமையில் இருக்கிறவன் பதில் சொல்லக்கூடாது, சிரிக்கவும் கூடாது. நாட்டின் மொத்தக் கணக்கில் விளக்கு வென்றது. வன்னியில் குடம். அம்மனுடைய விளக்கும் கொழும்பின் விளக்கும் ஒன்றல்ல என்று சனத்துக்கு ஒருவரும் வகுப்பெடுக்கவில்லை.

பிறகு பெட்டியே வராத வருடங்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது தண்ணீரூற்று முஸ்லிம்களும் போனார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். பிறகு புத்தளத்தில் இருந்துகொண்டே பிறந்த மண்ணின் தொகுதிக்கு வாக்குப் போட்டார்கள். எங்களுக்கோ, 2001 டிசம்பரில் புலிகளின் கட்டுப்பாட்டு எல்லைக்கு அப்பால் கொத்தணி வாக்களிப்பு நிலையம் என்றார்கள். போகப் புறப்பட்டால் சோதனைச்சாவடி பூட்டு. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான், தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

2004 ஏப்ரலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, உதயசூரியன் சின்னம் வழக்கில் மாட்டிக்கொண்டதால், தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்துக்கு மாறியது. எழுபதாம் ஆண்டு வீட்டுக்குப் போட்டவர்களுக்கு அது பழகின முற்றம். இளையவர்களுக்குத்தான் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லவேண்டியிருந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் அந்த ஒலிபெருக்கி வாக்களிக்கவேண்டாம் என்றது. போர் முடிந்து 2010 ஜனவரியில் வந்த தேர்தலில், முகாமிலிருந்து திரும்பியும் திரும்பாமலும் இருந்த சனத்திடம் அடையாள அட்டையே இல்லை. தற்காலிக அட்டை அடித்துக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் சனத்துக்கு வாக்குப் போடப் படிப்பிக்கவேண்டும் என்று கருத்தரங்கு வைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1978 யாப்புக்குப் பிறகு சீட்டு உண்மையிலேயே சிக்கலாகிவிட்டது. பாராளுமன்றத் தேர்தலென்றால் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று பேர் வரை அவர்களுடைய இலக்கங்களின் மேல் விருப்பு வாக்குப் புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலென்றால் 1, 2, 3 என்று எண் போடலாம். 2019இல் முப்பத்தைந்து பேர். சீட்டு இரண்டடிக்கும் மேல். கட்சிக்காரர் வீடுவீடாய்க் கொண்டுவரும் மாதிரிச் சீட்டில் அவரவர் சின்னமும் இலக்கமும் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் விருப்பைப் பற்றி அவர்கள் ஏன் வாய்திறக்கப் போகிறார்கள்?

1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் தொடக்கம் அந்த 2உம் 3உம் சட்டத்தில் இருந்தன. எண்ணவேண்டிய தேவை ஒருமுறையும் வரவில்லை. 2024 செப்டெம்பர் 21இல் ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. முதல்முறையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். அதன் பிறகுதான் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி. அடுத்தநாள் இரவு வானொலிக்குப் பக்கத்தில் இருந்த பக்கத்துவீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் கேட்டாள்: "அப்ப இவ்வளவு காலமும் மற்ற ரெண்டையும் சும்மா விட்டிட்டமோ, மாஸ்டர்?"

"ஓம் பிள்ளை" என்றேன். பாராளுமன்றத் தேர்தல் வரும்போது அதே எண்ணைப் போட்டுவிடாதே, அதற்குப் புள்ளடி என்றும் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எந்தக் கட்சியும் இல்லாத ஒரு சீட்டைக் கீறிக் கொடுத்தேன். அடுத்தநாள் அவளுடைய மாமியார் தனக்கும் ஒன்று கேட்டு வந்தா.