சேலம் கோப்புகளுக்குள் கிடக்கும் தருமபுரி

தருமபுரியின் விடுதலைப் போராட்டத்தைத் தேடிச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர், முதலில் கேட்க வேண்டிய பெயர் சேலம். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாள். அதுவரை பாப்பாரப்பட்டி, பென்னாகரம், அரூர் பற்றி அதிகாரிகள் எழுதியதெல்லாம் சேலம் என்ற தலைப்பின் கீழ்தான் அடுக்கப்பட்டது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது இன்னொரு கோடும் விழுந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டம், பிறகு தருமபுரி, இன்று கிருஷ்ணகிரி. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோப்பின் தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தின் போராட்ட நினைவில் முதலிடம் சுப்பிரமணிய சிவாவுக்கு. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்த அவர், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில், 41 வயதுகூட நிறையாமல் காலமானார். அவர் விட்டுச்சென்ற எழுத்துத் தடத்தைப் பின்தொடர்ந்தாலே, ஒரு விடுதலை இயக்கத்தின் ஆவணங்கள் எப்படி உருவாகின்றன, எங்கே ஒதுங்குகின்றன, ஏன் கைக்கு அகப்படாமல் போகின்றன என்பது விளங்கிவிடும்.

அந்தத் தடம் தூத்துக்குடியில் தொடங்குகிறது. 1908 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் (வ.உ.சி.) சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். கூட்டத்தில் நின்ற காவலர்கள் குறிப்பெடுத்தார்கள். மார்ச் 12இல் கைது. ஜூலை 7இல் திருநெல்வேலி நீதிபதி பின்ஹேயின் தீர்ப்பு. சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். தாமே பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை என வ.உ.சி.க்கு இரண்டு. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது; சிவாவுக்கு அது ஆறாண்டானது. மேடையில் முழங்கிய தமிழுக்கு நீதிமன்றத்தில் சான்றாக நின்றவை காவலர் குறிப்புகளும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும்தான். ஒரு பேச்சாளரின் சொற்களை அவரைச் சிறைக்கு அனுப்பியவர்களிடமிருந்தே பெற வேண்டிய நிலை இது. அந்த ஏடுகள் இல்லாமல் எழுதவும் முடியாது. அவற்றை அப்படியே நம்பி எழுதுவதும் தவறு.

தேடுபவருக்கு இங்கேயே முதல் சிக்கல் காத்திருக்கிறது. சட்ட அறிக்கைத் தொகுதியில் இந்த மேல்முறையீடு ‘சிதம்பரம் பிள்ளை எதிர் பேரரசர்’ என்ற தலைப்பில் இருக்கிறது. சிவாவின் பெயரைத் தலைப்பில் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். பெயரும் ஒன்றாக இல்லை. தமிழில் சுப்பிரமணிய, சுப்ரமண்ய, சுப்பிரமணிய சிவம் என்று பல வடிவங்கள். துறவுப் பெயராகச் சுதந்திரானந்தர். ஆங்கில ஏடுகளில் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு ஏற்றபடி எழுத்துக்கூட்டல். பாப்பாரப்பட்டிக்கும் அதே கதிதான்.

1912 நவம்பர் 2இல் சிவா சேலம் சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். ‘ஞானபாநு’ இதழை நடத்தினார். பின்னர் பிரபஞ்சமித்திரன், இந்திய தேசாந்திரி. இந்தக் கட்டத்துக்கு வேறொரு வகை ஆவணம் கைகொடுக்கிறது. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் சுதேசி மொழிப் பத்திரிகைகளைப் படித்து, ஆட்சியாளர் கண்ணுக்கு உறுத்திய பகுதிகளை வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி இரகசிய அறிக்கையாகத் தந்தார்கள். மூல இதழ் அழிந்துபோன பல இடங்களில் இந்தச் சுருக்கம்தான் மிச்சம். நோயாளி என்று சொல்லி அவர் ரயிலில் ஏறுவதற்கு அரசு தடை போட்டதையும், அவர் ஊர் ஊராக நடந்தே போனதையும் அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குறிப்பிடுவார்கள். அப்படிப்பட்ட ஆணையைத் தேடுபவர் காவல் துறைக் கோப்போடு நின்றுவிடக் கூடாது. ரயில்வே, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் கோப்பு அட்டவணைகளையும் புரட்ட வேண்டும்.

கடைசிக் காலத்தில் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கிப் பாரத ஆசிரமம் அமைத்த சிவா, பாரத மாதா கோயில் எழுப்பவும் முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். வங்கத் தலைவர் ஒருவர் இந்தச் சிற்றூருக்கு வந்துபோன செய்தியைச் சேலம் கோப்பில் மட்டுமின்றிக் கல்கத்தா, டெல்லி ஏடுகளிலும் தேடலாம் என்பதே இதில் ஆய்வாளருக்குக் கிடைக்கும் குறிப்பு.

இந்த ஏடுகள் போய்ச்சேர்ந்த இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எழும்பூரில் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் 1909இல் உருவானது. சிவா அப்போது சிறையில் இருந்தார். 1911இல் ஹென்றி டாட்வெல் அதன் காப்பாளரானார். கம்பெனிக் காலத்துப் பாரமஹால் ஆவணங்கள் அச்சேறியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1792இல் திப்புவிடமிருந்து பெற்ற இப்பகுதியை அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அளந்து வரி போட்ட கணக்குகள் அவை. வரிக் கணக்கை அச்சிட்டுப் பரப்பிய அரசு, அரசியல் கோப்புகளை ‘இரகசியம்’ என்று முத்திரையிட்டுப் பெட்டகத்தில் வைத்தது. விடுதலைக்குப் பிறகு, 1950களில் சுதந்திரப் போராட்ட வரலாறு எழுதும் முயற்சியை மத்திய அரசு தொடங்கியபோதுதான் இவ்வகைக் கோப்புகள் திட்டமிட்டுத் திரட்டப்பட்டன.

தாலுகா அலுவலகம்வரை எழுதப்பட்ட எல்லாமே எழும்பூருக்கு வந்துவிடவில்லை. வருவாய்த் துறை ஊழியர்களுக்கு நன்கு தெரிந்த முடிவு வகைகள் உண்டு: எல்.டிஸ். கோப்பை ஓராண்டுக்குப் பின்னும், கே.டிஸ். கோப்பை மூன்றாண்டுக்குப் பின்னும், டி.டிஸ். கோப்பைப் பத்தாண்டுக்குப் பின்னும் கழித்துவிடலாம், ஆர்.டிஸ். மட்டுமே நிலையாக நிற்கும். மறியலில் பிடிபட்டு அபராதம் கட்டிய ஒரு விவசாயியின் பெயர் கே.டிஸ். கோப்பில் இருந்திருந்தால், அது மூன்றாண்டில் அழிவதற்கு விதியே இடம் கொடுத்தது. தலைவர்கள் ஆர்.டிஸ். ஆனார்கள், தொண்டர்கள் கே.டிஸ்.ஸில் போனார்கள். மாவட்ட வரலாற்றின் மிகப் பெரிய இழப்பு இதுவே என்று சொல்லலாம்.

அந்த இழப்பு 1972இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுதந்திரத்தின் வெள்ளி விழாவை ஒட்டி மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும். சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள் ‘ஆவணம் இல்லை’ என்று அரசிடமே ஒரு சான்று வாங்கி, உடன் சிறையிலிருந்த தியாகிகளின் சாட்சியத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. முதிய வயதில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கைக்கே சாட்சி தேடி அலைந்தார்கள். ஆனால் அந்த விண்ணப்பக் கோப்புகள் இன்று விலைமதிப்பற்றவை: சாதாரணத் தொண்டர்கள், எந்தச் சிறை, எந்த மாதம், யாரோடு என்று தம் வாயால் சொன்னது அங்கேதான் பதிவாகியிருக்கிறது. மாவட்ட ஆட்சியரகங்களில் இருக்கும் இவ்வகைக் கோப்புகளே அடுத்த ஆய்வாளர் தொட வேண்டிய முதல் குவியல்.

மின்னணுக் காலம் பாதையை அகலப்படுத்தியிருக்கிறது. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் உள்துறை அரசியல் கோப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம். 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நுண்படமாக்கிக் காத்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரிய துணை. ஆனால் படம் பிடிப்பதோடு தேடல் முடிந்துவிடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா போன்றவற்றின் உருவம் வேறு. எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறும். அது தடுமாறிய சொல் தேடலில் வராது. எனவே ஒவ்வொரு ஏட்டோடும் மனிதர் எழுதிய விவரம் வேண்டும்: ஆளின் எல்லாப் பெயர் வடிவங்கள், ஊரின் அன்றைய தாலுகாவும் இன்றைய மாவட்டமும், நாள், எழுதியவர் யார் என்பது. தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் இதைத்தான் செய்தன: எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், விழுந்தவன் யார் என்று சில வரிகளில் வெட்டிவைத்தன.

போராட்ட ஏடுகள் மறைவதும் காக்கப்படுவதும் பிற நாடுகளிலும் நடந்ததுதான். கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் பிரிட்டனில் தொடுத்த வழக்கின்போது, 2011இல், பல குடியேற்ற நாடுகளிலிருந்து அள்ளிச் சென்ற கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க்கில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவிலோ இயக்கங்களே தங்கள் தாள்களைக் காத்தன: ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஏடுகள் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்துக்கும், போராட்டக் கால ஒளிப்படங்களும் பதிவுகளும் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் மாயிபுயே காப்பகத்துக்கும் போயின. அரசின் கோப்போடு இயக்கத்தின் ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு அங்கே உண்டு.

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மணிமண்டபம் எழுந்திருப்பது நல்லதே. அதே வளாகத்தில், சேலம் தலைப்பில் கிடக்கும் தருமபுரிக் கோப்புகளின் எண்களைத் தொகுத்த ஒரு பட்டியலும், ஏடுகளைப் படியெடுக்க ஒரு வருடியும் (ஸ்கேனர்) வைக்கப்பட வேண்டும். மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் வளர்க்கலாம். தியாகி குடும்பங்கள் பரணில் இருக்கும் ஓய்வூதிய விண்ணப்ப நகல், சிறைச் சான்று, கடிதம் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல், முதலில் ஒரு நகலாவது எடுத்து, பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரியிலோ ஒப்படைக்க வேண்டும்.