கோடைக் கூட்டமும் காத்திருக்கும் வரிசையும்

சென்னை மாநகரின் வடகோடியில், திருவொற்றியூரையும் எண்ணூரையும் இணைக்கும் வழியில், விம்கோ நகர் என்னும் பகுதி இருக்கிறது. இது மன்னர் இட்ட பெயரன்று. தீப்பெட்டி தந்த பெயர். 1923-ஆம் ஆண்டில் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமே ‘விம்கோ’ என்பது. அக்கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இப்பகுதியில் எழுந்தது. ஆலையின் பெயர் ஊருக்கும், பின்னர் புகைவண்டி நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ இரயிலும் இங்கு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் மாதத்தில் தேர்வு முடிந்தவுடன், தமிழகத்தின் எல்லா ஊர்களையும் போலவே இவ்வூர்ப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “விடுமுறைக்கு எங்கே போவது?” இக்காலத்தில் இக்கேள்விக்குப் பல பிள்ளைகள் தாமே விடையும் கூறிவிடுகின்றனர். இராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பதே அவ்விடை. பூங்காவுக்குப் போனால் அங்கே கூட்டம். கூட்டம் இருந்தால் வரிசை. வரிசை என்றால் காத்திருப்பு. இந்தக் கூட்டம் கோடையில் சேர்வது ஏன்? அதில் நெடுநேரம் காத்திருப்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடையை இன்று காண்போம்.

முதலில் ஒன்று கூற வேண்டும். சென்னையில் கேளிக்கைக்குரிய காலம் பண்டு கோடையாக இருக்கவில்லை. அது மார்கழியையும் தையையும் ஒட்டிய குளிர்காலமாகவே இருந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னையின் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரவெலியன், பொதுமக்கள் உலவுவதற்கு ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று கருதினார். அக்கருத்தின் பயனாக, இன்று சென்ட்ரல் நிலையமும் ரிப்பன் மாளிகையும் உள்ள வட்டாரத்தில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்கா அமைந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 116 ஏக்கர். எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் 1855-ஆம் ஆண்டில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் பின்னர் இப்பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. உயிரற்ற பொருள்கள் நிறைந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகள் உலவும் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அக்காலச் சென்னை மக்கள் வேடிக்கையாக வழங்கினர். கல்லூரிப் படியை மிதிக்காத எளியவர்களும் நுழைந்து காணக்கூடிய கல்லூரிகள் அவை! இராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் நடந்தே வந்து சேரும் தொலைவில் அந்த உயிர் காலேஜ் இருந்தது.

அப்பூங்காவில் ஆண்டு முடியும் வேளையில் பெருஞ்சந்தை ஒன்று கூடும். வெயிலின் கொடுமை இல்லாத நாள்களாதலால் நகரம் முழுவதும் அங்கே திரளும். 1886-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அச்சந்தையில் தீப்பற்றியது. ஓலையாலும் மூங்கிலாலும் எழுப்பிய கொட்டகைகள் விரைவில் எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மகிழ்ச்சிக்காகக் கூடிய கூட்டத்தையும் ஒழுங்குசெய்து காப்பது அரசின் கடமை என்பதை, அந்நாள் பெருவிலை பெற்றுக்கொண்டு சென்னைக்குக் கற்பித்தது. உள்ளே நுழைய ஒரு வழி, வெளியேற வேறு வழி, ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்ற அளவு ஆகியவற்றை நாம் இன்று தொல்லையாக எண்ணுகிறோம். அவை உயிரைக் காக்கும் ஏற்பாடுகள் என்பதை இந்நிகழ்ச்சியை அறிந்தவர் மறவார்.

இனி, கேளிக்கையின் பருவம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறிய கதையைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடை மாதங்களில் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தது. நீதிமன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை வழக்கமாயிற்று. ஆள்வோர் மலையேறினர், ஏனையோர் பாட்டி வீட்டுக்குப் போயினர். மாமரத்தடியும் ஆற்றுமணலும் ஊர்த் திருவிழாவுமே அப்பிள்ளைகளின் கேளிக்கைப் பூங்கா. அங்கே சீட்டும் இல்லை; வரிசையும் இல்லை.

பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு மாத விடுமுறை கிடைத்த அக்காலத்தில், ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு என்பது பெயரளவில்தான் இருந்தது. அவ்வோய்வைப் போராடிப் பெற்ற வரலாற்றில் வடசென்னைக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1918-ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் அதனை வளர்த்தனர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் எழுப்பிய குறைகளுள் நண்பகல் உணவுக்குரிய இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. கூலியைக் கேட்டதோடு அமையாமல், தம் காலத்தின் ஒரு சிறு பகுதியையும் அவர்கள் திருப்பிக் கேட்டனர். 1923-ஆம் ஆண்டில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் நடைபெற்ற முதல் மே நாள் விழா அதுவே. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. வார விடுமுறையை உறுதிசெய்தது. ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுப்பையும் தந்தது. தொழிலாளியின் குடும்பம் பிள்ளைகளோடு வெளியே போவதற்கு ஒரு நாள் கிடைத்தது இவ்வாறுதான்.

ஓய்வுநாள் கிடைத்தது, ஆனால், ஓய்வைக் கழிக்கும் இடமோ வடக்கை விட்டு விலகிச் சென்றது. மக்கள் பூங்காவின் நிலத்தில் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் விளையாட்டரங்கமும் எழுந்தன. உயிர் காலேஜ் 1985-ஆம் ஆண்டில் முப்பது கிலோமீட்டர் அளவு தென்மேற்கே உள்ள வண்டலூரில் திறக்கப்பெற்றது. விலங்குகளுக்கு அது நல்ல மாற்றம். கூண்டுக்கு மாறாகக் காடு கிடைத்தது. இராயபுரத்துப் பிள்ளைக்கோ நடந்து போகும் இடமாக இருந்தது, பேருந்து மாறிப் போகும் இடமாயிற்று. தனியார் பூங்காக்களும் தெற்கிலும் மேற்கிலுமே தோன்றின. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., தாம்பரத்துக்கு அருகில் கிஷ்கிந்தா, பூந்தமல்லிக்கு அப்பால் குயீன்ஸ்லாந்து என ஒவ்வொன்றாக அவை எழுந்தன. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பெற்றது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் விமான நிலையம் வரை செல்லலாம். அதற்கு அப்பால் வேறு வண்டி தேட வேண்டும். முட்டுக்காடு செல்லும் வடசென்னைக் குடும்பம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்த பிறகே வரிசையில் நிற்கத் தொடங்குகிறது.

இப்பூங்காக்களே கோடையைக் கேளிக்கைப் பருவமாக ஆக்கின. அதற்குத் துணைசெய்தது தண்ணீர். அலையெழுப்பும் குளமும் நீர்ச்சறுக்கும் வந்த பின், மக்கள் வெயிலுக்கு அஞ்சி வீட்டில் இருந்த காலம் போய், வெயிலைத் தணிக்கவே பூங்காவுக்கு வரும் காலம் பிறந்தது. பள்ளி விடுமுறையும் வெயிலும் ஒன்றுசேரும் ஏப்ரல், மே மாதங்களில் பூங்காக்கள் நிறைவது இதனால்தான்.

கூட்டம் பெருகினால் காத்திருப்பு எவ்வாறு பெருகுகிறது? இதற்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்குப் பிறந்த நகரம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன். உலகின் பழைய கேளிக்கைப் பூங்காக்களுள் ஒன்றான டிவோலி 1843-ஆம் ஆண்டில் அந்நகரில்தான் திறக்கப்பெற்றது. அந்நகரத் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர், இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளைப் பற்றி 1909-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். வரிசையைப் பற்றிய கணிதம் அங்கே தொடங்கியது. 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் அதன் அடிப்படை விதி ஒன்றை நிறுவினார். அவ்விதி எளியது: ஒரு மணிக்கு எத்தனை பேர் வரிசையைக் கடந்து செல்கின்றனர் என்பதை, ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால், வரிசையில் நிற்போரின் தொகை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் இராட்டினத்தில் 24 பேர் அமரலாம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அது சுற்றிவருகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 20 சுற்று. ஆகவே 480 பேர் ஏறலாம். மணிக்கு 450 பேர் வந்தால் பெரிய தொல்லை இல்லை. 600 பேர் வந்தால் ஒவ்வொரு மணிக்கும் 120 பேர் தேங்குவர். மூன்று மணி நேரத்தில் வரிசையில் 360 பேர் சேர்ந்துவிடுவர். இறுதியில் நிற்பவர் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். வருவோர் மூன்றில் ஒரு பங்குதான் கூடினர். காத்திருப்போ சில நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரமாயிற்று. கொள்ளும் அளவை மீறியவுடன் வரிசை ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் இக்கணக்கின் கருத்து.

இதே இராட்டினத்தின் இருக்கைகளில் பாதியை, மிகுந்த பணம் கொடுத்தவர்க்கு ஒதுக்கியதாகக் கொள்வோம். பொது வரிசைக்கு மணிக்கு 240 இடமே எஞ்சும். அவ்வரிசையில் அதே 360 பேர் நின்றால் கடைசி மனிதரின் காத்திருப்பு ஒன்றரை மணி நேரம். இராட்டினமும் பழையது, அது சுற்றும் வேகமும் பழையது. ஒருவர் காசு கொடுத்து மிச்சப்படுத்திய நேரம் இன்னொருவர் கணக்கில் பற்றாக எழுதப்படுகிறது. இது வெறுங்கற்பனை அன்று. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 1999-ஆம் ஆண்டில் வரிசையைச் சுருக்கும் முன்பதிவு முறையை எல்லோர்க்கும் கட்டணமின்றி அளித்தன. 2021-ஆம் ஆண்டில் அம்முறை நீங்கியது. கட்டணம் செலுத்துவோர்க்குரிய முறை வந்தது. நம் நாட்டு வொண்டர்லா பூங்காக்களிலும் ‘ஃபாஸ்ட்ராக்’ என்னும் கூடுதல் விலைச் சீட்டு உண்டு. கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டைக் கண்டு பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றுவதில்லை.

இனி, கோடைக் கூட்டமும் மாறிவருவதைக் கூற வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில், அந்நாட்டு விடுதலை நாளாகிய ஜூலை 4 அன்று, சராசரிக் காத்திருப்பு 2019-இல் 47 நிமிடமாக இருந்தது. 2022-இல் 31 நிமிடமாகவும், 2023-இல் 27 நிமிடமாகவும் குறைந்தது. கடும் வெப்பமும் விலையேற்றமும் மக்கள் வேறு பருவங்களைத் தேடியதும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. நம் மாநிலத்திலும் நாட்காட்டி அசையத் தொடங்கிவிட்டது. வெப்பத்தை முன்னிட்டு 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் பள்ளி திறக்கும் நாள் ஜூன் மாதத்தில் தள்ளிவைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டிலோ, தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் இறங்கிக் கோடையைச் சுருக்கியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி, நீலகிரிக்கு வேலைநாளில் 6,000 வண்டிகளும் வாரக் கடைசியில் 8,000 வண்டிகளும் மட்டுமே செல்லலாம் என வரையறுக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு அந்த எண் 4,000, 6,000. கோடைக் கூட்டத்துக்கு எண்ணால் கரை கட்டும் காலம் வந்துவிட்டது.

இம்மாற்றங்களால் எல்லோரும் ஒரே அளவில் பயன்பெறுவரா என்பதே நாம் எண்ண வேண்டிய செய்தி. விடுப்பை விரும்பிய நாளில் எடுக்கக் கூடியவர் கூட்டமில்லாத புதன்கிழமையைத் தேர்ந்துகொள்வார். பொருள் உடையவர் விரைவுச் சீட்டு வாங்குவார். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே ஓய்வு பெறும் ஆலைத் தொழிலாளியோ ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். அன்றுதான் வரிசை நீளம். அன்றுதான் பொது வரிசை மெல்ல நகரும். ஓய்வுநாளைப் போராடிப் பெற்ற வட்டாரத்து மக்களே அதன் பெரும்பகுதியைக் காத்திருந்து கழிக்க நேர்கிறது.

காத்திருப்பதற்கு நம் மக்கள் அஞ்சுபவர் அல்லர். திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரர் திருமேனியின் மீதுள்ள கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுக்கு மூன்று நாள் மட்டுமே நீக்கப்படும். அந்நாள்களில் நீண்ட வரிசையில் நிற்போர் முறையிடுவதில்லை; மூன்று நாள்தான் என்பது எல்லோர்க்கும் தெரிந்த ஒழுங்கு. காரணமும் முறையும் விளங்கினால் பொறுமை தானே வரும். ஆகவே பூங்காக்கள் காத்திருக்கும் நேரத்தை வாயிலிலேயே எழுதி அறிவிக்கலாம். விரைவுச் சீட்டின் தொகைக்கு எல்லை வகுக்கலாம். வரிசைக்கு நிழலும் குடிநீரும் தரலாம். இவற்றினும் மேலாக, நடந்து போகும் தொலைவில் ஒரு மக்கள் பூங்கா என்ற 1859-ஆம் ஆண்டின் எண்ணத்தை வடசென்னைக்கு மீண்டும் உரியதாக்கலாம்.

மாணவர்களே, அடுத்த கோடையில் ஏதேனும் ஒரு வரிசையில் நிற்கும்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள்; எத்தனை பேர் ஏறுகின்றனர், எத்தனை பேர் வந்து சேர்கின்றனர் என்று எண்ணுங்கள். உங்கள் முறை எப்போது வரும் என்பது அக்கணக்கிலேயே தெரிந்துவிடும். பக்கத்து வாயிலில் நில்லாமல் நுழைபவர் எத்தனை பேர் என்பதையும் கூடவே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.